வைரம் பாயும் மரங்களுக்கும் தோட்டங்களில் இடம் வேண்டும்

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் நடைபெறும் மரநடுகை நிகழ்ச்சிகளைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வெளிவருகின்றன. எத்தனை கன்றுகள் நடப்பட்டன, முதற்கன்றை நட்டவர் யார், அனுசரணை வழங்கிய நிறுவனம் எது என்பவையெல்லாம் அச்செய்திகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. நடப்பட்டது என்ன மரம் என்பது மட்டும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பெருந்தோட்டங்களில் தேயிலை இல்லாத நிலங்களிலும், ஓடைக்கரைகளிலும், புதிய குடியிருப்புக் காணிகளிலும், முற்றி வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும் மரங்களுக்கு ஒரு பங்காவது ஒதுக்கப்பட வேண்டும் என்பதும், அவற்றை நட்டு வளர்ப்பவர்களுக்கு அவற்றின் மீது எழுத்து மூலமான உரிமை இருக்க வேண்டும் என்பதுமே இக்கடிதத்தின் வேண்டுகோள்.

எதை வன்மரம் என்கிறோம் என்பதில் முதலில் ஒரு தெளிவு தேவை. தாவரவியலாளர்கள் மரங்களை வன்மரம், மென்மரம் என்று பிரிப்பது கட்டையை நகத்தால் கீறிப் பார்த்து அல்ல. பூத்துக் காய்க்கும் இருவித்திலை மரங்களின் கட்டை வன்மரம். பைன், சைப்பிரஸ் முதலிய ஊசியிலை மரங்களின் கட்டை மென்மரம். வன்மரத்தின் குறுக்குவெட்டைக் கூரிய கத்தியால் வழவழப்பாகச் சீவி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், வைக்கோல் கட்டின் வெட்டுமுகம் போல நீர் ஏறும் குழாய்களின் வாய்கள் தெரியும். பைன் கட்டையில் அந்தக் குழாய்கள் இல்லை. இந்தக் கணக்கின்படி, மாதிரி விமானங்கள் செய்யப் பயன்படும் இலேசான பால்சாவும், கிரிக்கெட் மட்டைக்கு உரிய வில்லோவும் வன்மரங்களே. நம்முடைய தோட்டங்களில் நிற்கும் யூக்கலிப்டஸ், அல்பீசியா, கிரவிலியா ஆகியவையும் அந்த வகுப்பையே சேர்ந்தவை. எனவே வேகமாக வளரும் மரங்களெல்லாம் மென்மரங்கள் என்று மேடைகளில் பேசப்படுவது பிழையானது. நம் மலைகளில் பெருமளவில் நடப்பட்டிருக்கும் மென்மரம் பைன் ஒன்றுதான்.

தச்சர் பார்ப்பது வேறொன்றை. மரம் முதிர முதிர அதன் உட்பகுதியிலுள்ள குழாய்கள் நீரை ஏற்றும் வேலையிலிருந்து ஓய்வு பெறுகின்றன. பலவகை மரங்களில் அவை உள்ளிருந்தே அடைபட்டுப் போகின்றன. பிசினும் துவர்ப்புப் பொருள்களும் அங்கே சேர்கின்றன. அந்தப் பகுதி நிறம் கறுத்து, கனத்து, கறையானுக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இடம் கொடாததாக மாறுகிறது. இதைத்தான் வைரம் பாய்தல் என்கிறோம். அதைச் சுற்றி வெளிறிய நிறத்தில் இருக்கும் வெளிறு, மரம் உயிரோடிருக்கையில் நீரேற்றும் பகுதி. வெட்டிய பின்னர் வண்டு முதலில் துளைப்பதும் அதைத்தான். உட்புறம் வைரமுள்ளவற்றை மரம் என்றும், தெங்கும் பனையும் போல வெளிப்புறம் வைரமுள்ளவற்றைப் புல் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்து வைத்திருப்பதை இங்கே நினைவுகூரலாம். இன்றைய தாவரவியலும் பனையை வன்மரமாகக் கொள்வதில்லை. வைரத்தைப் பணம் கொடுத்து விரைவுபடுத்த இயலாது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. எட்டுப் பத்து ஆண்டுகளில் விறகுக்கு வெட்டப்படும் மரத்தில் வைரத்தை எதிர்பார்ப்பதற்கில்லை.

நம் மலைகள் இவ்வகை மரங்களை இழந்த வரலாறு அனைவரும் அறிந்ததே என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பிக்காக மலைச்சரிவுகளின் காடுகள் வெட்டிச் சாய்க்கப்பட்டு எரிக்கப்பட்டன. அந்தக் காட்டை வெட்டியதும் எரித்ததும், பிழைப்புத் தேடித் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரின் கைகளும்தான். 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என்ற கட்டுப்பாடு, தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையை அடுத்து 1873 இல் வந்தது. இன்று நமக்கு எஞ்சியிருக்கும் உயர்மலைக் காடுகளுக்கு அந்த முடிவும் ஒரு காரணம். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. பட்டுப்போன கோப்பி மரங்களின் தண்டுகள் பட்டை உரிக்கப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன என்றும், அங்கே தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின என்றும் தேயிலை வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். கோப்பிக் கட்டை இறுகிய, நெருக்கமான இழை கொண்ட நல்ல வன்மரம் என்பதால் இது நம்பக்கூடியதே. கோப்பி செத்து, அதன் காலின் மேல் தேநீர்க் கோப்பை ஏறி அமர்ந்தது என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வருகின்றன.

தேயிலை வந்ததும் தொழிற்சாலைகளுக்கு விறகு வேண்டியிருந்தது. அதற்காக யூக்கலிப்டஸ் வந்தது. நிழலுக்கும் காற்றுத் தடைக்கும் கிரவிலியா வந்தது. பசளைத் தழைக்கு முள்முருக்கு வந்தது. 1970களிலிருந்து ஊவாவின் பத்தனை எனப்படும் மலைப் புல்வெளிகளிலும் பிற இடங்களிலும் பைன் நடப்பட்டது. இவற்றில் எதையும் நான் முற்றாகப் பழிக்கவில்லை. ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையும் மின்கம்பமும் யூக்கலிப்டஸிலிருந்தே கிடைக்கின்றன. அந்தத் தேவைக்கு இயற்கைக் காட்டை வெட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். 1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்ட பின்னரும் நாட்டின் மரத்தேவை பெருமளவுக்கு ஈடுசெய்யப்படுவது வீட்டுத் தோட்டங்களாலும் இத்தகைய நடுகைகளாலும்தான். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளாக நடப்பட்ட எல்லாமே விறகுக்கோ நிழலுக்கோ விரைவான வருமானத்துக்கோ ஆனவையாக இருந்தால், ஒரு சமூகத்தின் கையில் நல்ல மரம் ஒருபோதும் தங்காது.

நல்ல மரம் ஒரு சமூகத்தின் கையில் இருந்தபோது என்ன செய்யப்பட்டது என்பதைக் காண நாம் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. கம்பளையைத் தலைநகராகக் கொண்டு 1357 முதல் 1374 வரை ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் எம்பெக்க தேவாலயம், பேராதனையிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது. அது கதிர்காமக் கடவுளுக்கு, அதாவது நம் முருகனுக்கு உரிய கோயில். அதன் முரசு மண்டபத்துத் தூண்களில் மல்லர்கள் பொருதுகிறார்கள், நாட்டியப் பெண்கள் ஆடுகிறார்கள், ஒரு தாய் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள், இரண்டு அன்னங்கள் கழுத்தைப் பின்னிக்கொண்டு நிற்கின்றன, இருதலைப் புள் ஒன்று சிறகை விரித்திருக்கிறது. சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுபவர்கள், அண்ணாந்து கூரையையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மண்டபத்தின் ஒரு முனையில் இருபத்தாறு கைமரங்கள் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. அவை அனைத்தையும் ஒரே மரமுளை கோத்துப் பிடித்திருக்கிறது. ‘மடொல் குருபாவ’ என்று அதைச் சொல்கிறார்கள். சிற்பத்தைக் கலைஞன் செய்தான் என்றால், இந்த முளையைச் செய்தவன் மரத்தின் சுமையையும் இழையோட்டத்தையும் அறிந்த தச்சன். மழையும் பனியும் வெயிலும் மாறி மாறி வரும் நம் மலைநாட்டின் காலநிலையில், வெளிறு கலந்த கட்டையைக் கொண்டு இதைச் செய்து நூற்றாண்டுக் கணக்கில் நிற்கவைக்க இயலாது.

ஊவாவில் இருப்பவர்களுக்கு ஹாலி-எலவுக்கு அருகிலுள்ள பொகொட மரப்பாலம் இன்னும் அண்மையானது. கல்லந்த ஓயாவின் குறுக்கே, ஏறத்தாழ 15 மீற்றர் நீளத்தில், ஓட்டுக்கூரையுடன் நிற்கும் பழம்பாலம் அது. பலாவும் மருதும் அதில் முக்கியமாகப் பயன்பட்டிருக்கின்றன. பதுளைக்கும் கண்டிக்கும் இடையே நடந்து போனவர்களின் பழைய வழி அதன் மீது சென்றது. எந்த மரத்தை எங்கே வைப்பது என்ற அறிவைத்தான் நான் அங்கே காண்கிறேன். ஆற்றங்கரையில் தானாக வளர்ந்து, வேர் எப்போதும் ஈரத்தில் ஊறியிருக்கும் மருதையும், முற்றத்தில் வளர்ந்து பழமும் தந்த பலாவையும் அருகருகே கொண்டுவந்து பாலமாக்கியிருக்கிறார்கள். கண்டி அரண்மனை வளாகத்தில் ஸ்ரீ ராஜாதி ராஜசிங்கன் 1783 இல் தொடங்கிய மகுல் மடுவ என்ற அரசவை மண்டபமும் செதுக்கிய மரத்தூண்களின் மீதே நிற்கிறது. 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது அந்தத் தூண்களுக்கு நடுவில்தான்.

பலாவைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும். ஏனெனில் நான் கேட்பதில் பெரும்பகுதி அதைப் பற்றியது. புதிதாக அறுத்த பலாப்பலகை எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். சீவுளியை ஓட்டும்போது சுருண்டு விழும் சீவலுக்கு ஒரு மெல்லிய இனிப்பு வாசனை உண்டு. வெளிச்சம் படப் பட மஞ்சள் பொன்னிறமாகி, பிறகு பழுப்பாகி, ஒரு தலைமுறைக்குப் பின்னர் செம்பழுப்பில் நிலைபெறுகிறது. பழைய வீட்டின் கதவையும் புதிய கதவையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே மரம் என்று நம்புவது கடினம். அனுபவமுள்ள தச்சு பாஸ் பலகையைக் கையில் எடுத்ததும் முதலில் ஓரத்தைப் பார்ப்பார். வெளிறு ஒரு விரல் அகலம் ஒட்டியிருந்தாலும் அதை அறுத்துத் தள்ளிவிட்டுத்தான் அளவெடுப்பார். மரக்காலைக்காரர் அந்த வெளிறையும் அளந்தே காசு வாங்கியிருப்பார் என்பதால் வாங்கியவரின் முகம் வாடும். ஆயினும் அந்த ஒரு விரல் அகலத்தை விட்டுவைத்தால், சில ஆண்டுகளில் சட்டத்தின் ஓரத்தில் ஊசித்துளைகளும், கீழே மாவு போன்ற தூளும் தென்படும். பச்சை மரத்தில் செய்த கதவோ மழைக்காலத்தில் உப்பும், வெயில்காலத்தில் வெடிக்கும். நிழலில் அடுக்கி, இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டம் விட்டு ஆறவைத்த பலகைக்கே மதிப்பு. அவ்வளவு காலம் காத்திருக்க இன்று யாருக்கும் பொறுமையில்லை என்பது வேறு கதை.

பலாவின் பயன் கதவோடும் கட்டிலோடும் முடிவதில்லை. மிருதங்கத்தின் கட்டையும், தவிலின் கட்டையும், வீணையின் குடமும் பலாவிலேயே குடையப்படுகின்றன. இறுக்கமும், அதிர்வைச் சீராகக் கொண்டுசெல்லும் இழையும், குடையும்போது வெடிக்காத தன்மையும் ஒருங்கே அமைந்த மரம் அது. கண்டிய நடனத்துக்குரிய கெட்ட பெரய என்ற முழவின் கட்டைக்கும் பலா, கொன்றை, வேம்பு ஆகியவற்றைக் கொள்கிறார்கள். கண்டியின் எசல பெரஹரா ஊர்வலத்தில் கேட்கும் முழக்கமும் நம் கோயில் திருவிழாவில் கேட்கும் தவிலோசையும் ஒரே மரத்தின் வயிற்றிலிருந்து எழக்கூடியவை என்பதை இன நல்லிணக்கம் பேசுபவர்கள்கூடச் சொல்லக் கேட்டதில்லை. நாதஸ்வரத்துக்கு உரியது ஆச்சா மரம். தமிழகத்தின் நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள் அதற்குப் பழைய வீடுகளிலிருந்து கழற்றிய, பல பத்தாண்டுகள் ஆறிய கட்டைகளைத் தேடி வாங்குவார்கள். இங்கே பழைய தோட்டத்துப் பங்களாக்களும் தொழிற்சாலைகளும் இடிக்கப்படும்போது, அவற்றின் உத்தரங்களும் தளப்பலகைகளும் பழைய சாமான்களோடு சேர்த்து விலைபோவதைப் பார்க்கிறோம். அவற்றில் எவை எதற்கு உதவும் என்று பிரித்துப் பார்ப்பவர் எவருமில்லை. காமன் கூத்துக்கும் அர்ச்சுனன் தபசுக்கும் அடிக்கும் தப்பின் வளையம்கூட இன்று பல இடங்களில் இரும்பாகிவிட்டது. இரும்பு வளையம் மலிவானது, உடையாதது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மர வளையம் தரும் ஓசையை அது தருவதில்லை என்று அடிப்பவர்களே சொல்கிறார்கள்.

தோட்டத்து வாழ்க்கையில் வன்மரம் இல்லாமலில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நம் அடுப்பில் எரிந்தது பெரும்பாலும் கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலையைக் கத்தரிக்கும்போது விழும் குச்சி. தேயிலையின் கட்டை சிறியதானாலும் இறுகியது, நின்று எரியும், நல்ல தணல் தரும். முதிர்ந்த தேயிலையின் முறுக்கிய அடித்தண்டிலிருந்து கைத்தடியும் அலங்காரப் பொருள்களும் செய்து சுற்றுலாக் கடைகளில் விற்கிறார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் செடியின் மேல் வைத்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பும், மண்வெட்டியின் பிடியும், கோடரிக் காம்பும், உரலும் உலக்கையும் ஏதோ ஒரு நல்ல மரத்தின் துண்டுகளே. கொய்யாக் கிளை பிடிக்கு உதவும் என்பதை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வளரும் எந்தச் சிறுவனும் அறிவான். ஆக, மரத்தின் தரத்தை அறிகிற கை நம்மிடம் இருக்கிறது. மரம்தான் நம்மிடம் இல்லை.

இந்நாட்டின் பிற சிறந்த மரங்களைப் பற்றி ஓரிரு வரிகள் போதும். கருங்காலியும் முதிரையும் பாலையும் வறண்ட வலயத்தின் மரங்கள். அவற்றை மலையில் நடச் சொல்வது வீண்பேச்சு. தென்னஞ்சாராயத்தை முதிரவைக்கும் பீப்பாய்களுக்குச் சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் மரம் உதவுகிறது. கலமந்தர் என்று வெள்ளையர் கொண்டாடிய, கறுப்பும் பழுப்பும் வரியோடிய மரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தளபாட மோகத்தால் அநேகமாகத் தேய்ந்தே போயிற்று. அழகே அதற்கு எமனாயிற்று.

இனி இயற்கையில் இம்மரங்களின் வேலை. தோட்டத்து ஓடைகளின் இரு பக்கமும் கரையை இறுகப் பற்றி நிற்கும் மருதை வெட்டிவிட்டு, அங்கே காய்கறிப் பாத்தியை ஓடைவரை இறக்கினால், முதல் பெருமழையிலேயே கரை கரைந்து நீரோடு போவதைக் காணலாம். முதிர்ந்த மரத்தின் பட்ட கிளையில்தான் மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் கூட்டுக்குப் பொந்து குடைகிறது. அது விட்டுச்சென்ற பொந்தில் வேறு பறவைகள் குடியேறுகின்றன. பத்து ஆண்டுகளில் வெட்டப்படும் தோப்பில் அத்தகைய கிளை உருவாகவே முடியாது. மேலே, ஹோர்டன் சமவெளியிலும் பீதுருதலாகல மலையிலும், காற்றுக்குக் குனிந்து, பாசி போர்த்து, குடை விரித்தாற்போல நிற்கும் கீன முதலிய மரங்கள், கடந்து செல்லும் மூடுபனியை இலையிலும் பாசியிலும் பிடித்துத் துளித்துளியாக மண்ணில் இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீர் சேர்க்கும் இடம் ஹோர்டன் சமவெளி. கடந்த சில பத்தாண்டுகளாக அங்கே மரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போய்க்கொண்டிருக்கின்றன. மண்ணின் ஈரக்குறைவு, காற்று மாசு எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய மத்திய மலைநாட்டின் பகுதி இது என்பதும் குறிப்பிடத்தக்கது.

மரம் நட்டால் மண்சரிவு நின்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் புதையுண்ட துயரத்தின் பின்னர், இதைப் பற்றி எளிதாகப் பேசுவது பொறுப்பற்ற செயலாகும். ஆழத்தில் நழுவும் சரிவை எந்த வேரும் பிடித்து நிறுத்தாது. அப்படிப்பட்ட இடங்களில் வாழ்பவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவதே வழி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயமெனக் குறித்த இடங்களில் எந்த மரத்தை நடலாம், எதை நடக்கூடாது என்பதையும் அந்நிறுவனத்திடமே கேட்க வேண்டும். ஆனால் மேல்மண் அரித்துப் போவதும், ஓடைக்கரை இடிவதும் வேறு. அங்கே பல ஆழங்களில் வேரோடும் கலப்பு மரங்கள் உதவுகின்றன என்பதில் ஐயமில்லை. அதே சரிவில் பைன் மட்டும் நின்றால் கீழே ஊசியிலைகள் தடித்த மெத்தையாகக் கிடக்கின்றன. வேறு செடிகள் அரிதாகவே முளைக்கின்றன. வறட்சி மாதங்களில் தீ ஓடுகிறது. ஊவாவின் மலைகளில் ஆண்டுதோறும் எழும் புகையைப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது உரிமையின் கேள்விக்கு வருகிறேன். கண்டிப் பகுதிச் சிங்களக் கிராமத்து வீட்டைச் சுற்றிப் பலா, கமுகு, மரத்தில் படரும் மிளகு, ஈரப்பலா, ஓரத்தில் கினிசப்பு என்று மரக்கடைக்காரர் அழைக்கும் செண்பக இன மரம் என ஒரு சிறு காடே இருக்கும். மகளின் திருமணத்துக்கோ மகனின் படிப்புக்கோ வீட்டின் கூரைக்கோ அதிலிருந்து ஒரு மரம் உதவுகிறது. அந்தக் குடும்பத்துக்கு அது ஒரு சேமிப்பு. லயத்துக் குடும்பத்துக்கு அந்தச் சேமிப்பு ஒருபோதும் இருந்ததில்லை. காம்பரா எனப்படும் லயத்து அறையின் இஸ்தோப்புக்கு, அதாவது திண்ணைக்கு, வெளியே உள்ள மண் தோட்டத்தின் மண். அதில் முளைத்த மரம் தோட்டத்தின் மரம். 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் பஞ்சம் கடுமையாக இருந்தபோது பலாக்காயும் பலாக்கொட்டையும் எத்தனை வயிறுகளைக் காத்தன என்பதை என் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு பலா, நான் அறிந்த ஒரு தோட்டத்தில், லயத்து மக்கள் கன்றாக நட்டு ஆடு கடிக்காமல் முள்வேலி கட்டி வளர்த்தது, ஒருநாள் அனுமதிப் பத்திரத்தோடு வெட்டப்பட்டு லொறியில் ஏற்றப்பட்டது. சட்டப்படி எந்தத் தவறும் நடக்கவில்லை. நட்டவர்களின் பிள்ளைகளுக்குக் கிளைகள் விறகாகக் கிடைத்தன. அதன் பின்னர் அந்த லயத்தில் எவரும் மரம் நடவில்லை. நடச் சொல்லி அவர்களிடம் கேட்கும் துணிவும் எனக்கு வரவில்லை.

1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் அனுமதியின்றி வெட்டுவதைத் தடுக்கிறது. உணவு தரும் மரங்களைக் காக்கும் நல்ல சட்டம் அது. ஆனால் வெட்டுவதற்கு அனுமதி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதில் நிலத்தின் உரிமை முன்னுக்கு வருகிறது. நிலமில்லாதவர் மரத்தைக் காக்கவும் முடியாது, பயன்படுத்தவும் முடியாது. 7 பேர்ச் காணியோடு தனி வீடுகள் கிடைத்திருக்கும் இடங்களில் இந்த நிலைமை மாறக்கூடும். 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடும் பாதையும் போக எஞ்சும் ஓரத்தில் ஒரு பலாவுக்கு இடமுண்டு, அது அயல்வீட்டின் கூரைக்கு மேல் சாயாதபடி முன்கூட்டியே இடம் பார்த்து நட்டால். வீட்டுத் திட்டத்தின் வரைபடத்தை வரைபவர்கள் தண்ணீர்த் தாங்கிக்கும் கழிவறைக் குழிக்கும் இடம் குறிப்பதுபோல மரத்துக்கும் ஓர் இடம் குறிக்க வேண்டும். அதைவிடச் சிறந்தது, ஒவ்வொரு குடியிருப்புக்கும் அருகே ஓடையோரத்திலோ தேயிலைக்கு உதவாத சரிவிலோ ஒரு பொது மரத்தோப்பை ஒதுக்கி, அதை அக்குடியிருப்பின் சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுப்பது. தோட்ட நிர்வாகங்கள் இதற்கு உடன்படத் தயங்கும் என்பதை அறிவேன். 1992 இல் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குத் தோட்டங்கள் வந்த பின்னர் மரமும் வருமானக் கணக்கில் ஒரு வரியாகிவிட்டது. ஆயினும் தேயிலை பிடுங்கிக் காடாகிக் கிடக்கும் நிலம் எந்தத் தோட்டத்தில் இல்லை?

எந்த மரம் என்று கேட்பவர்களுக்கு: தாழ்ந்த, நடுத்தர உயரங்களில் பலாவும், செண்பக இனமும், நாகமும், ஓடைக்கரையில் மருதும். 1986 முதல் நாட்டின் தேசிய மரமாக இருக்கும் நாகம், கட்டை நீரில் மூழ்குமளவுக்குக் கனமானது. தளிர் சிவந்து வரும்போது பார்க்க அழகானது. மஹோகனியை ஒருசேர நடுவதைவிட இவற்றோடு கலந்து நடலாம். நுவரெலியா, ஹட்டன் போன்ற உயர்ந்த, குளிர்ந்த இடங்களில் பலா நன்றாக வராது. அங்கே அயலிலுள்ள இயற்கைக் காட்டில் தானாக வளரும் மரங்களின் விதைகளையே, வனவளத் திணைக்களத்தின் அனுமதியோடு சேகரித்து, நாற்றுமேடை அமைக்க வேண்டும். ஒரே கன்றை எல்லா உயரத்துக்கும் லொறியில் கொண்டுபோய் இறக்குவதுதான் இதுவரை நடந்த மரநடுகைகளின் பெருங்குறை என்பது என் எண்ணம்.

மரவேலை கற்பிக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றியும் ஒரு சொல். அங்கே பயிலும் நம் இளைஞர்களுக்கு அடைப்புப் பலகையிலும் ஒட்டுப்பலகையிலும் அலுமாரி செய்யக் கற்றுத்தருகிறார்கள், அதுவும் தேவைதான். வைரத்தையும் வெளிறையும் பிரித்தறிவது, மரத்தை ஆறவைப்பது, ஆணியில்லாமல் மூட்டுவது ஆகியவற்றை மூத்த தச்சர்கள் இருக்கும்போதே அவர்களை அழைத்து ஒரு சில வாரங்களாவது கற்பிக்கச் செய்யலாம். மாணவர்களை எம்பெக்கவுக்கும் பொகொடவுக்கும் அழைத்துச் செல்லப் பெரிய செலவு ஆகாது.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, மரம் வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் உரிய அனுமதி முறைகளை, யாரிடம் எந்தப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும் என்ற விவரத்தோடு, தமிழில் தெளிவாக ஒரு பக்கத்தில் வெளியிட வேண்டும். பிரதேச செயலகங்களில் தமிழில் விளக்கம் கிடைக்காமல் நம்மவர்கள் அலைவது இன்னும் குறையவில்லை. இரண்டாவது, பதுளை, கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களில் உள்நாட்டு மரக்கன்றுகள் கிடைக்கும் நாற்றுமேடைகளின் பட்டியலைத் தங்கள் செய்தியாளர்கள் மூலம் திரட்டி அச்சிட வேண்டும். பலாவைப் பொறுத்தவரை நாற்றுமேடைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கொட்டை காய்ந்தால் முளைக்கும் திறனை விரைவில் இழந்துவிடும். பழத்திலிருந்து எடுத்துக் கழுவிய சில நாள்களுக்குள், முளைக்கும் இடத்திலேயே ஊன்றிவிடுவது நல்லது. ஆணிவேர் ஆழமாக இறங்கும் மரமாதலால், வளர்ந்த கன்றைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் துவண்டுபோகும். பையில் முளைக்கவைத்தால் வேர் பையின் அடியைத் தொடுமுன் நிலத்துக்கு மாற்ற வேண்டும். ஊவாவில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும், மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்திலும் நடுவது வழக்கம் என்பதால், அந்தந்தப் பகுதிக்குரிய விவரங்கள் அதற்கு ஒரு மாதம் முன்னராவது வெளிவந்தால் வாசகர்களுக்குப் பயன்படும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹாலி-எல.